பழைய 'பேரலல் லைன்ஸ்' கிடைத்தால் எந்தப் பிரதியை எடுப்பது?

பழைய ரெக்கார்டுகள் அடுக்கிய பெட்டியில் நியூ வேவ் (எழுபதுகளின் கடைசியில் பங்க் ராக்கிலிருந்து கிளைத்த பாப் இசை) பகுதியைப் புரட்டுகிறவர் கண்ணில் அமெரிக்கக் குழுவான ப்ளாண்டியின் 'பேரலல் லைன்ஸ்' ஆல்பம் படாமல் போவது அபூர்வம். கறுப்பு வெள்ளைப் பட்டைகள், அவற்றின் முன்னால் கறுப்பு கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் ஐந்து ஆண்கள், நடுவில் வெள்ளை உடையில் இடுப்பில் கைவைத்து முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கும் பாடகி டெபோரா ஹாரி. இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்களுடைய மேலாளர். குழுவினருக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் இன்று தூரத்திலிருந்தே தட்டை அடையாளம் காட்டுவது அந்தப் படம்தான்.

1978 செப்டம்பரில் கிரிசலிஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த எல்.பி. (முழு ஆல்பத் தட்டு) அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏராளமாக விற்றது. அதனால் பழைய பிரதி கிடைப்பது பெரிய காரியம் இல்லை. கிடைப்பவற்றில் எதை எடுப்பது என்பதுதான் குழப்பம். முதல் மாதங்களில் அச்சானது, அடுத்த வருடம் அச்சானது, ஜப்பானில் அச்சானது, இப்போது புதிதாகப் போட்ட 180 கிராம் தட்டு, இதெல்லாம் வேண்டாம் என்றால் சி.டி., ஸ்ட்ரீமிங். இவற்றின் விலைகளுக்குள் பெரிய இடைவெளி உண்டு. காதுக்குக் கிடைப்பதில் அந்த அளவு இடைவெளி இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பிரஸ்ஸிங் (முதல் சுற்றில் அச்சான தட்டு) என்ற பெயருக்காக மட்டும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதில் வேறு பாட்டோ, வேறு ஒலிக்கலவையோ (மிக்ஸ்), வேறு நீளமோ இருந்தால் கொடுக்கலாம். மற்றபடி, அந்தக் காலத்திலேயே இரண்டாவது மூன்றாவது சுற்றில் அச்சாகி, யாரோ அதிகம் போடாமல் வைத்திருந்த சாதாரணப் பிரதி மற்ற எல்லாவற்றையும் ஜெயிக்கும். இதைச் சோதித்துப் பார்க்க 'பேரலல் லைன்ஸ்' வாகான ஆல்பம், ஏனென்றால் அதில் உண்மையிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது.

ஒரே உறை, இரண்டு தட்டு

ஆல்பத்தின் பெயரே தெரியாதவர்களும் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' கேட்டிருப்பார்கள். 1975இலேயே 'ஒன்ஸ் ஐ ஹேட் எ லவ்' என்ற பெயரில் குழு இதை டெமோவாக, அதாவது மாதிரிப் பதிவாக, பதிந்து வைத்திருந்தது. 1978 கோடையில் நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் மைக் சாப்மன் கையில் கிடைத்த பிறகுதான் அதற்கு இன்றைய உருவம் வந்தது. ரோலண்ட் சி.ஆர்.-78 என்ற தாளப்பெட்டியின் சன்னமான டிக்டிக் அடியில் ஓடுகிறது, அதன் மேல் கிளெம் பர்க்கின் டிரம்ஸ், அதன் மேல் சின்தசைசர். நடுவே வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடத்தில் தாளம் நாலிலிருந்து ஏழுக்குச் சாயும். மிஸ்ர சாப்பு கேட்டுப் பழகிய காது அதைச் சட்டென்று பிடித்துவிடும், டிஸ்கோவுக்கு ஆடப் போனவர் கால்தான் தடுமாறும்.

1978இல் வந்த எல்.பி.யில் இந்தப் பாட்டு 3 நிமிடம் 54 விநாடி. 1979 ஜனவரியில் தனிப்பாட்டாக வந்து, பிப்ரவரியில் பிரிட்டனிலும் ஏப்ரலில் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு அச்சான தட்டுகளில் பலவற்றில் பழைய வடிவத்தை எடுத்துவிட்டு 5 நிமிடம் 50 விநாடி ஓடும் டிஸ்கோ வடிவத்தைப் போட்டார்கள். முன்பக்கத்துப் படம் அதேதான். உறையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு எடுத்தால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

தட்டை வெளியே எடுத்து விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் மெல்லிய, வழவழப்பான வளையம் ஒன்று மின்னும். இரண்டாம் பக்கத்தில் வெளியிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். '11:59', 'வில் எனிதிங் ஹேப்பன்', 'சண்டே கேர்ள்', நான்காவதாக 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்'. அதற்கு அடுத்தது 'ஐம் கோனா லவ் யூ டூ', இரண்டு நிமிடத்தை ஒட்டிய குட்டிப் பாட்டு. நான்காவது பட்டை மூன்றாவதைவிடக் கொஞ்சம் மட்டும் அகலமாக இருந்தால் அது குறுகிய வடிவம். ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாக இருந்து, பக்கத்தில் ஐந்தாவது பட்டை நூலாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது டிஸ்கோ வடிவம். லேபிளில் நேரம் அச்சிட்டிருந்தால் இன்னும் சுலபம். கடைசியில் வெற்றாக இருக்கும் பகுதியில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை (தட்டின் அச்சு அடையாள எண்) குறித்துக்கொண்டு, ரெக்கார்டுகளின் விவரங்களைத் திரட்டும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடினால், எந்த நாட்டில், எந்தச் சுற்றில் அச்சானது என்பதும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

எது உசத்தி? எனக்குக் குறுகிய வடிவம். பன்னிரண்டு பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடியும் ஆல்பம் இது. 'ஹேங்கிங் ஆன் தி டெலிபோன்' டெலிபோன் மணியோடு தொடங்கும் அந்த ஓட்டம் எங்கேயும் மூச்சு வாங்காது. மூன்று நிமிட 'சண்டே கேர்ள்' முடிந்து ஆறு நிமிடத்துக்கு நடன மேடையில் நின்றுவிட்டு, மறுபடி இரண்டு நிமிடப் பாட்டுக்கு ஓடுவது அந்த வேகத்தைக் கெடுக்கிறது. நேர்மாறாக நினைப்பவர்களும் நிறையப் பேர், அவர்களுக்கு 1979 பிரதிதான் சரி. அது அதிகமாகவும் கிடைக்கும். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு எல்.பி. வாங்கத் தேவையில்லை. குறுகிய வடிவம் உள்ள எல்.பி.யோடு 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' 12 அங்குல சிங்கிளை (தனிப்பாட்டுத் தட்டு) சேர்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு அங்குலப் பக்கம் முழுக்க ஒரே ஒரு பாட்டு என்பதால் தடங்களுக்கு இடம் தாராளம், பேஸ் (அடிச்சுர ஒலி) தடித்துக் கேட்கும்.

முதல் பதிப்பில் இன்னொரு விஷயம் உண்டு. ஆல்பத்தின் பெயரில் ஒரு பாட்டே கிடையாது. ஹாரி எழுதி, கடைசிவரை பதியாமல் விட்ட 'பேரலல் லைன்ஸ்' பாட்டின் வரிகள் மட்டும் முதல் வினைல் பதிப்போடு அச்சாகி வந்தன. சேகரிப்பவர்களுக்கு இது மதிப்பு. ஊசிக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எத்தனாவது சுற்று என்பதைவிட

இங்கேதான் பெரும்பாலானவர்கள் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். நியூ வேவ் தட்டுகள் சாஸ்திரிய இசைத் தட்டுகளைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துத் துடைத்துப் போட்டவை இல்லை. பார்ட்டிகளில் ஓடியவை. கல்லூரி விடுதி அறைகளில், ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகளை அடுக்கித் தானாகவே கீழே விழவைக்கும் மலிவான பிளேயர்களில் ஓடியவை. அந்தப் பிளேயர்களில் ஊசியைத் தாங்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் பல கிராம் எடையோடு தட்டை அழுத்தும். இன்றைய சாதாரண கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராமுக்கு அக்கம்பக்கம்தான். கூடவே, ஹிட் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். ஆகவே 'பேரலல் லைன்ஸ்' பழைய பிரதி ஒன்றைக் கேட்டுப்பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முதல் பாட்டைக் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். 'ஒன் வே ஆர் அனதர்', 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' இரண்டும் எப்படி ஒலிக்கின்றன என்று பாருங்கள். ஆல்பத்தின் மிச்சமெல்லாம் புத்தம் புதிதாக இருந்து இந்த இரண்டு மட்டும் கரகரப்பது சர்வ சாதாரணம்.

கரகரப்பிலும் இரண்டு வகை. ஒன்று அழுக்கு. தூசி, விரல் ரேகை, பழைய உறையின் காகிதத் துகள். இது இடைவிடாத சின்னச் சின்னப் பொரிச்சலாகக் கேட்கும், இடம் மாறி மாறி வரும். காய்ச்சி வடித்த நீரும் தட்டு கழுவும் திரவமும் போட்டு, தடத்தின் திசையிலேயே மென்மையாகத் துடைத்து உலர்த்தினால் பெரும்பாலும் போய்விடும். மற்றது தேய்மானம். சத்தம் உயரும் இடத்தில், முக்கியமாக ஹாரி குரலை ஏற்றிப் பாடும்போது 'ஸ்' 'ஷ்' ஒலிகள் கிழிந்து கேட்கும். தடத்தின் சுவரே ஊசியால் சிதைந்து போயிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அது திரும்ப வராது. வெளிச்சத்தில் பார்த்தால் தேய்ந்த பகுதி பளபளப்பு இழந்து லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். அழுக்கான பிரதியைத் தைரியமாக எடுக்கலாம். சாம்பல் பூத்ததை முதல் பிரஸ்ஸிங்காக இருந்தாலும் விட்டுவிடலாம்.

கீறல்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு, அதில் பாதி தேவையற்றது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. குறுக்கே விழுந்த கீறல் அந்த இடைவெளியில் ஒரு 'டிக்' கொடுக்கும், அவ்வளவுதான். நாலைந்து சுற்றில் கடந்து போய்விட்டால் பாட்டு கெடாது. பயப்பட வேண்டியது தடத்தின் போக்கிலேயே சாய்வாக ஓடும் கீறலுக்கு. ஊசி அதில் ஏறி அடுத்த தடத்துக்குத் தாவும், அல்லது பின்னால் விழுந்து ஒரே வரியை நாள் முழுக்கப் பாடும். நகத்தால் மெல்ல வருடினால் தட்டுகிற ஆழமான கீறல் என்றால் இரண்டு வகையிலும் வேண்டாம்.

எனக்குப் பிடித்த பரிசோதனை ஒன்று உண்டு, விற்பவர்கள் அதிகம் கவனிக்காதது. லேபிளில் நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள். டர்ன்டேபிளின் நடுக்கம்பியைத் துளை தேடி உரசிய வெளிறிய கோடுகள் அங்கே இருக்கும். ஒன்றிரண்டு இருந்தால் அந்தத் தட்டு அதிகம் ஓடவில்லை, அல்லது நிதானமான கை அதை வைத்திருக்கிறது. துளையைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியிருந்தால், மேற்பரப்பு எவ்வளவு மினுங்கினாலும் சந்தேகப்படுங்கள். மேற்பரப்பைக் கழுவி மினுக்கிவிடலாம், காகித லேபிளை யாரும் கழுவுவதில்லை.

தரம் குறிக்கும் சொற்களிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க கோல்ட்மைன் பத்திரிகையின் முறையில் மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கிக்கொண்டே வரும். 'குட்' என்றால் நன்றாக இருக்கிறது என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது, நடைமுறையில் அது பாடாவதி. 'வெரி குட்' கூடப் பாட்டுக்கு இடையிடையே சத்தம் வரும் நிலைதான். நிம்மதியாகக் கேட்க 'வெரி குட் பிளஸ்' வேண்டும். பிரிட்டிஷ் முறையில் கிட்டத்தட்ட இதே இடத்தில் 'எக்ஸலன்ட்' நிற்கிறது. எந்த முறையானாலும் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போட்டுக் கேட்டுத் தரம் சொன்னீர்களா, பார்த்துச் சொன்னீர்களா? பதில் வரும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

உறையைப் பொறுத்தவரை, மூலையில் வெட்டோ ஓட்டையோ இருந்தால் பின்வாங்காதீர்கள். விற்காமல் தங்கிய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளும்போது அமெரிக்க நிறுவனங்கள் அப்படி அடையாளம் போட்டார்கள். உள்ளே இருக்கும் தட்டு பல நேரம் யாரும் தொடாததாக இருக்கும், விலையும் குறையும்.

நாடு மாறினால் பாட்டும் மாறும்

ப்ளாண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் இதே காலத்து மற்ற ஆல்பங்களுக்கு இதுதான் முதல் கேள்வி. பிரிட்டிஷ் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் 'திஸ் இயர்ஸ் மாடல்' 1978 மார்ச்சில் பிரிட்டனில் ரேடார் நிறுவனம் மூலம் வந்தது. அமெரிக்காவில் கொலம்பியா வெளியிட்டபோது 'ஐ டோன்ட் வான்ட் டு கோ டு செல்சீ', 'நைட் ராலி' இரண்டையும் எடுத்துவிட்டு 'ரேடியோ ரேடியோ'வைச் சேர்த்தார்கள். செல்சீயும் நைட் ராலியும் இங்கிலாந்து சம்பந்தப்பட்ட பாட்டுகள், அமெரிக்கர்களுக்கு எட்டாது என்ற கணக்கு. 'செல்சீ' இல்லாத அந்த ஆல்பத்தை என்னால் யோசிக்க முடியவில்லை. அதனால் அங்கே பிரிட்டிஷ் பிரதிதான், எந்தச் சுற்றாக இருந்தாலும்.

அந்த பிரிட்டிஷ் உறையில் ஒரு வேடிக்கை. பார்னி பபிள்ஸ் வடிவமைத்த அட்டை, படம் முழுக்க ஒரு பக்கமாக நகர்ந்து, இடது ஓரத்தில் 'எல்விஸ்' என்பதன் முதல் எழுத்து வெட்டுப்பட்டு, வலது ஓரத்தில் அச்சகத்தின் நிறச் சோதனைப் பட்டை துருத்திக்கொண்டு நிற்கும். முதலில் பார்க்கிறவர் அச்சுப் பிழை என்று திருப்பி வைத்துவிடுவார். வேண்டுமென்றே செய்தது. பாட்டுகளுக்குள் இருக்கும் எரிச்சலுக்கும் அந்த அட்டைக்கும் நல்ல பொருத்தம்.

நியூ ஆர்டரின் 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' (1983) வாங்கிக்கொண்டு வந்து 'ப்ளூ மண்டே' எங்கே என்று தேடுவதும் வழக்கமான கதை. பிரிட்டிஷ் எல்.பி.யில் அந்தப் பாட்டு இல்லை. அது 12 அங்குல சிங்கிளாகத் தனியாக வந்தது. அந்தக் காலக் குழுக்கள் பலவும் சிங்கிளை ஆல்பத்தின் விளம்பரமாக நினைக்கவில்லை.

ஜப்பானிய பிரதிகளைப் பற்றி ஒரு மோகம் இருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. வினைல் அமைதியாக இருக்கும், உறை கெட்டியாக இருக்கும், வரிகள் அச்சிட்ட தாள் உள்ளே இருக்கும், வைத்திருந்தவர்களும் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆனால் மூல டேப் நியூயார்க்கிலோ லண்டனிலோ இருக்கும்போது, வெளிநாட்டுக்குப் போனது பல நேரம் அதன் நகல். ஒரு தலைமுறை தள்ளிய நகலில் அமைதி கூடுதலாகவும் உயிர்ப்பு குறைவாகவும் இருக்க வாய்ப்பு உண்டு. 'பேரலல் லைன்ஸ்' மாதிரி எப்போதும் இரைச்சலாக ஓடும் ஆல்பத்தில் பின்னணி அமைதி அவ்வளவாகக் கணக்கில் வராது. ஜப்பானிய பிரதிக்கு இரண்டு மடங்கு கொடுக்க நான் இங்கே காரணம் பார்க்கவில்லை.

புதிதாக அச்சிட்டது எப்போது ஜெயிக்கும்

புதிய தட்டின் அட்டையில் '180 கிராம்' என்று ஒட்டியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தடிமன் கூடினால் வளைவு கொஞ்சம் குறையலாம், கையில் கனமாக இருக்கும். தடத்தில் என்ன வெட்டியிருக்கிறது என்பதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி, எந்த டேப்பிலிருந்து, யார், எப்படி வெட்டினார்கள் என்பது. அதற்கும் எப்போதும் நேரான பதில் கிடைப்பதில்லை. உயர்ந்த விலைக்கு மூல டேப் பதிப்புகள் வெளியிட்டுப் பெயர் வாங்கிய மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம், தன் பல தட்டுகளைச் செய்யும்போது நடுவில் டிஜிட்டல் நகல் ஒன்றைப் பயன்படுத்தியது 2022இல் தெரியவந்தபோது ரசிகர்களிடையே பெரிய ரகளை. ஒலி நன்றாக இருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை, சொல்லாமல் விட்டதுதான் கோபம். எனக்கு அதில் கிடைத்த பாடம் வேறு: டிஜிட்டல் நகல் நடுவில் இருந்தால் தானாகவே மோசம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பல வருடம் அதைக் காதால் கண்டுபிடிக்கவில்லை.

புதிய தட்டுகளுக்கு அவற்றுக்கே உரிய நோய்களும் உண்டு. துளை நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளியிருந்தால் நீண்டு ஒலிக்கும் சுரங்கள் ஆடும். சின்தசைசர் இழுத்து நிற்கும் நியூ வேவ் பாட்டுகளில் இந்த ஆட்டம் நன்றாகவே காதில் விழும். ஆனால் புதிய தட்டில் ஒரு வசதி இருக்கிறது. குறை இருந்தால் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம். பழைய தட்டில் அது விற்பவரின் மனசு.

அப்படியானால் புதியது எங்கே ஜெயிக்கும்? அமைதியான இடங்கள் உள்ள ஆல்பங்களில். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 'ரிமெய்ன் இன் லைட்' (1980) நல்ல உதாரணம். முதல் பக்கம் மூன்றே பாட்டு, சுமார் 17 நிமிடம், தாளத்தின் மேல் தாளம் அடுக்கியது. கொஞ்சம் பொரிச்சல் இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். இரண்டாம் பக்கம் ஐந்து பாட்டு, 23 நிமிடத்தை ஒட்டி. கடைசிப் பாட்டு 'தி ஓவர்லோட்' மெதுவாக முனகிக்கொண்டே போகும் ஆறு நிமிடம். அது தட்டின் உள்விளிம்பில் வருகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் தடம் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும், உள்ளே வரும்போது 20 சொச்சம்தான். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் தேய்மானமும் சிதைவும் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நாற்பது வருடப் பிரதி ஒன்றில் அந்தப் பாட்டு சுத்தமாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். இந்த ஆல்பத்துக்குப் புதிய பிரதி வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஜாய் டிவிஷன் என்ற பிரிட்டிஷ் குழுவின் பாட்டுகளைக் கேட்காமல், பத்திரிகைகளில் அவர்களைப் பற்றி எழுதியதை மட்டும் படித்துவிட்டு, அவர்கள் இப்படித்தான் ஒலிப்பார்கள் என்று கற்பனை செய்து டாக்கிங் ஹெட்ஸ் போட்ட பாட்டு 'தி ஓவர்லோட்' என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த ஜாய் டிவிஷனின் 'அன்னோன் ப்ளஷர்ஸ்' (1979) தட்டுக்கும் இதே சட்டம்தான். ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெர்ரி ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டுப் பதிந்தது அது. அந்த வெற்றிடத்தில் ஒரு தூசி விழுந்தாலும் கேட்கும். ஃபேக்டரி நிறுவனம் முதலில் அச்சிட்டது 10,000 பிரதி, சொரசொரப்பான அட்டை, கடைசி வெற்றுப் பகுதியில் ஒரு பக்கம் 'திஸ் இஸ் தி வே', மறுபக்கம் 'ஸ்டெப்' என்று பொறித்திருக்கும். அதைத் தடவிப் பார்க்க ஆசை இருந்தால் முதல் பிரஸ்ஸிங் வாங்குங்கள், அது நியாயமான ஆசை. கேட்பதற்கு வேறு ஒன்று வேண்டியிருக்கலாம்.

'பேரலல் லைன்ஸ்' இந்த வகை இல்லை. பக்கத்துக்குப் பத்தொன்பது, இருபது நிமிடம்தான். தடங்களை அகலமாகவும் சத்தமாகவும் வெட்ட இடம் இருந்திருக்கிறது. ராபர்ட் ஃபிரிப் கிட்டார் வாசித்த 'ஃபேட் அவே அண்ட் ரேடியேட்' ஒன்றுதான் கொஞ்சம் நிழலான பாட்டு, அதுவும் முதல் பக்கத்தில் நான்காவது. மற்றதெல்லாம் நேராக முகத்துக்கு வரும் ஒலி. இதற்குப் பழைய பிரதியே போதும்.

சி.டி., ஸ்ட்ரீமிங்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்ட்ரீமிங்கில் எந்த மாஸ்டர் (இறுதி ஒலிப் பிரதி) ஓடுகிறது என்பது கேட்பவர் கையில் இல்லை. ஒரே ஆல்பத்தின் மூன்று பதிப்புகள் ஒரே அட்டையோடு வரிசையாக நிற்கும். நீளத்தைப் பார்த்து எது என்று நீங்களே ஊகிக்க வேண்டியதுதான். ஆனால் வாங்குவதற்கு முன் ஆல்பம் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆல்பத்தை முழுதாக ஒருமுறை கேட்காமல் உறையைப் பார்த்து மட்டும் வாங்குகிற பழக்கம் எனக்கும் பிடித்ததுதான், பரிந்துரைக்க மாட்டேன்.

சி.டி.க்கு ஒரு உறுதியான இடம் உண்டு. டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்', 1977 பிப்ரவரியில் எலெக்ட்ரா வெளியிட்டது. தலைப்புப் பாட்டு எல்.பி.யில் 9 நிமிடம் 58 விநாடியில் மெல்ல மங்கி மறைந்துவிடும். பாட்டு உண்மையில் அங்கே முடியவில்லை. 2003இல் வந்த மறுபதிப்பு சி.டி.யில் 10 நிமிடம் 40 விநாடிவரை போய் முறையாக முடிகிறது. இரண்டு கிட்டார்களும் அவ்வளவு தூரம் ஏறிப்போன பிறகு வரும் அந்த முடிவைக் கேட்டவர்களுக்கு எல்.பி.யின் மங்கல் கொஞ்சம் ஏமாற்றம்தான். முதல் பிரஸ்ஸிங்கில் இல்லாததை மலிவான சி.டி. தருகிறது.

வாங்கும் முன் ஊசி

கையில் இருக்கும் தொகை ஒரு விலையுயர்ந்த பிரதிக்கு மட்டும் போதும் என்றால், சாதாரணப் பிரதியும் புது ஊசியும் வாங்குங்கள். வைர முனை பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஓடிய ஊசி நல்ல தட்டையும் தேய்த்துவிடும். உருண்டை முனையிலிருந்து நீள்வட்ட முனைக்கோ இன்னும் மெல்லிய மைக்ரோலைன் முனைக்கோ மாறுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. பழைய உருண்டை ஊசி உரசித் தேய்த்த உயரத்தில் இது உட்காராமல், தடத்தின் சுவரில் யாரும் தொடாத பகுதியைத் தொடும். முன்பு கிழிந்து கேட்ட 'ஸ்' ஒலிகளில் ஒரு பகுதி சரியாகிவிடுவதும் உண்டு, எல்லாத் தட்டிலும் இல்லை. ஆகவே 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்த பிரதி வீட்டில் இருந்தால், ஊசி மாற்றிய பிறகு ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்புறம் விற்கலாம்.